குழாயில் நிற்கும் ரத்தம்

பாட்டில் மூடி திறக்க மாட்டேன் என்கிறது. வலது கையால் ஒருமுறை, இடது கையால் ஒருமுறை, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒருமுறை திருகிப் பார்த்தாயிற்று. பக்கத்து நாற்காலிப் பெரியவர் பாட்டிலைப் பார்க்கிறார், பிறகு என் கையைப் பார்க்கிறார். கையில் அவருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. கட்டுப் போட்டிருந்தாலோ மாவுக்கட்டில் தொங்கினாலோ, கொடும்மா நான் திறந்து தருகிறேன் என்று கேட்டிருப்பார். விரல் கணுக்களில் இருக்கிற உப்பல் எனக்குத்தான் உப்பல், பார்க்கிறவர்களுக்குப் பூசின மாதிரியான கை, வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிற கை. கேட்கலாம். ஐயா, கொஞ்சம் திறந்து கொடுங்க என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும். கேட்டால் ஏன் என்பார். ஏன் என்பதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நான் பழையபடி அந்த வாக்கியத்துக்கு வந்துவிடுவேன், எனக்கு மூட்டு வாதம் ஐயா, வெளியே தெரியாது. வெளியே தெரியாது என்று சொன்னதும் ஜனங்களின் முகத்தில் ஒன்று வரும். அதை இன்றைக்குப் பார்க்க வேண்டாம். பாட்டிலை மடியில் வைத்துக்கொள்கிறேன். குளிர்ந்த பாட்டில். விரல்களுக்கு இதமாக இருக்கிறது, அதாவது இதமாக இருக்க வேண்டும், அப்படித்தான் என்று விரல்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். தாகம் அப்படியே இருக்கிறது.

ரத்தம் எடுத்த பெண்ணின் பெயர் நிலோஃபர். சட்டையில் குத்தியிருந்தது. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கங்கக்கா என்றாள். அழுத்தினேன், அழுத்தவில்லை, பஞ்சு நழுவிக் கீழே விழுந்தது. வேறு பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டினாள். சி.ஆர்.பி. சோதனை மெஷினில் சீக்கிரம் வந்துவிடுமாம், ஈ.எஸ்.ஆர். சோதனைக்குத்தான் ஒரு மணி நேரம். ஏன் என்று போன தடவையே கேட்டேன். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிமிர்த்தி நிறுத்திவிடுவார்களாம். சும்மா நிற்க வேண்டும். சிவப்பெல்லாம் தானாகக் கீழே இறங்கும், மேலே தெளிவாக ஒரு தண்ணீர் நிற்கும், ஆறின குழம்பில் எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி. உடம்பில் எங்கேயாவது வேக்காடு இருந்தால் சிவப்பு சீக்கிரம் இறங்கிவிடும், இல்லாவிட்டால் மெதுவாக. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளந்து பார்க்கிறதுதான் அந்த எண். இவ்வளவு பெரிய ஊரில், இத்தனை மெஷின்கள் இருக்கிற இடத்தில், என் விஷயத்தைத் தெரிந்துகொள்ள என் ரத்தத்தைச் சும்மா நிற்க வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் யாரும் என் விஷயத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியதில்லை. இப்படி நினைப்பது அநியாயம், என் வீட்டுக்காரர் நல்லவர். அவர் நல்லவர் என்பதை நான் எப்போதும் சேர்த்துக்கொள்கிறேன், எழுதி முடித்துவிட்டு மறந்துபோன புள்ளியை வைக்கிற மாதிரி. இறங்கு என்று சொல்கிறேன், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ரத்தத்தைப் பார்த்து. சீக்கிரம் இறங்கு. எல்லோரும் இங்கே குறைவாக வர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள், பெரியவருக்குச் சர்க்கரையாக இருக்கும், எதிரே இருக்கிற பெண்ணுக்குத் தைராய்டாக இருக்கும், நான் மட்டும் அதிகமாக வர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தில்லை நகர் வெயில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறது. ஒரு ஆட்டோ திரும்ப முடியாமல் திரும்புகிறது.

இரண்டு தடவை நார்மல் வந்தது. முதலில் வியாதியைக் கண்டுபிடித்தபோது எண்பதுக்கு மேலே இருந்தது, அப்போது அவர் என்னைத் தட்டு கழுவ விடவில்லை, அத்தைகூட ரசத்தை என் தட்டில் தானே ஊற்றினார். மாத்திரை ஆரம்பித்தோம். எண் இறங்கியது. பதினெட்டு. அவருக்கு அவ்வளவு சந்தோஷம், குடும்ப குரூப்பில் போட்டார், கடவுள் புண்ணியத்தில் சுகந்தி நார்மல் என்று. கைகூப்பின பொம்மைகள் வந்து விழுந்தன. எண் இறங்கியதே தவிர வலி பாதிதான் இறங்கியது. காலையில் கை மடங்கவில்லை, மடங்கினால் விரியவில்லை. தோசை திருப்பியை ஐந்து விரலாலும் சேர்த்துப் பிடித்துத் திருப்பினேன். சொன்னேன். அவர் போனை எடுத்து ரிப்போர்ட்டைப் பெரிதாக்கி எனக்கே காட்டினார். பார், நார்மல் ரேஞ்சுக்குள்ளேதான் இருக்கு. கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத் தைரியம் சொன்னார். அடுத்த தடவை பதினாறு வந்தது. அதன் பிறகு நான் சொல்வதை நிறுத்தவில்லை, குறைத்துக்கொண்டேன். ஊறுகாய் ஜாடியைத் திறக்க முடியாமல் அவரிடம் நீட்டியபோது, இதையா திறக்க முடியல என்றார், சிரித்துக்கொண்டே, மூடியைக் கையில் வைத்துக்கொண்டே. அத்தை தன் பங்குக்கு, எனக்குந்தான் முட்டி வலிக்குது, உட்கார்ந்தா எழுந்திருக்க முடியுதா என்றார். அத்தைக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ரிப்போர்ட் எப்போதும் அவர் போனுக்குத்தான் போகும், முதல் தடவை கவுண்டரில் அவர் எண்ணைக் கொடுத்ததால் அதுவே பதிந்துவிட்டது. என் ரத்தத்தைப் பற்றி எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மாற்றச் சொல்லலாம். சொல்லவில்லை. எனக்கு வந்து நான் காட்டுவதைவிட அவருக்கு நேராக வருவதுதான் நல்லது, நடுவில் என் வாய் இருக்காது.

அவர் அரியமங்கலத்தில் எடைமேடை வைத்திருக்கிறார். லாரி மேடையில் ஏறி நிற்கும், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் எண் ஓடும், நிற்கும், சீட்டு அடித்துக் கொடுப்பார். கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். டிரைவர்கள் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள் சுகந்தி, அளவாத்தான் ஏத்தியிருக்கேன் அண்ணே என்பார்கள், நம்ம காதை மூடிக்கொள்ள வேண்டியதுதான், மேடை சொல்லும். அதில் அவருக்கு ஒரு பெருமை. காலி வண்டியை எடை போடும்போது தார்ப்பாய்க்கு அடியில் கல்லைப் போட்டு மறைத்து வருகிறவர்கள் உண்டு, அப்புறம் கல்லை இறக்கிவிட்டுச் சரக்கு ஏற்றினால் கணக்கு அவர்களுக்குச் சாதகமாகும். அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார். பிடித்துவிட்டால் அன்று சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சிரிப்பார். டாக்டர் ஒருமுறை என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு, சிலருக்கு வியாதி இருக்கும், ரத்தத்தில் தெரியாதும்மா, எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். அந்த நேரம் பார்த்து, வண்டியை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் கூப்பிட்டதால் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வண்டியில் வரும்போது அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன், டாக்டர் இப்படிச் சொன்னாருங்க. அப்படியா சொன்னாரு என்றார். அந்த அப்படியா எனக்குத் தெரியும். லாரிக்காரர்களுக்குச் சொல்கிற அப்படியா. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பால்பண்ணை சிக்னலில் வண்டியிலிருந்து இறங்கி நடந்து போய்விடலாம் என்று இருந்தது. இறங்க முடியாது, முட்டியும் அன்றைக்குச் சரியில்லை. அதுதான் கடைசியாக வந்த கோபம் என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பல் பிடுங்கப் போட்ட ஊசி மாதிரி மரத்துப்போய் இருக்கிறது.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை போடுகிற மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு. அவரே அட்டையிலிருந்து பிரித்து என் உள்ளங்கையில் வைப்பார், தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், ஒரு ஞாயிறுகூட மறந்ததில்லை. அவர் நல்லவர். வாயில் போட்டுக்கொள்வேன். பால்கனிக்குப் போய்த் துணி எடுக்கிற மாதிரி மணி பிளான்ட் தொட்டியில் துப்பிவிட்டு விரலால் மண்ணைத் தள்ளுவேன். ஐந்தாறு ஞாயிறு ஆகிவிட்டது. செடி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு வாதம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. முதல் ஞாயிறு நாக்கில் மாத்திரை இருக்கும்போதே தோன்றியது, இதுதானே எண்ணைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது, வலியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது. விட்டுப் பார்ப்போம். ரத்தம் வாயைத் திறக்கட்டும். மூன்றாவது வாரம் வலி முழுசாக வந்தது, கூட்டாளிகளோடு வந்தது. குளியலறையில் மக்கைத் தூக்க முடியவில்லை. பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்கிறேன், மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் நடுவில் கையை மடியில் வைத்து எடுக்க வேண்டியிருந்தது. முதலாளி என்ன சுகந்தி தூக்கமா என்றார். சிரித்தேன். உள்ளே வியாதி எலும்பை அரித்துக்கொண்டிருக்கும், போன எலும்பு திரும்ப வராது, டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் துப்பினேன். கல்லைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு மேடைக்கு வந்திருக்கிற டிரைவர் நான். ஆனால் கல் பொய், என் வலி பொய் இல்லை, அதனால் இது அந்தத் திருட்டு இல்லை. இந்த வாக்கியத்தை நான் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு தடவை பொருந்துகிறது, ஒரு தடவை பொருந்தவில்லை.

பயம் ஒன்று இருக்கிறது. அதை இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன். இவ்வளவும் செய்து, இத்தனை ஞாயிறு துப்பி, அப்படியும் பதினெட்டு வந்தால். வரலாம். சிலருக்கு ரத்தத்தில் தெரியாது என்றுதானே டாக்டர் சொன்னார். அவர் நம்ப மாட்டார், அத்தை நம்ப மாட்டார், அது பழக்கம்தான். நான் என்ன செய்வேன். பதினெட்டைப் பார்த்ததும் எனக்கே அப்படியா என்று தோன்றிவிட்டால். இந்த விரல் நிஜமாகவே வலிக்கிறதா, வலிக்கிறது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேனா. இப்போதே ஒரு தடவை மடக்கிப் பார்க்கிறேன். வலிக்கிறது. இன்னொரு தடவை. வலிக்கிற மாதிரி இருக்கிறது. பார்த்தாயா, மாதிரி வந்துவிட்டது. மகள் தர்ஷினி போன மாதம் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இடுப்பு வரை இருந்தது, தோளோடு நின்றது. எட்டாம் வகுப்பு, எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்ம்மா வெட்டிக்கிறாங்க என்றாள். அத்தை அன்று முழுக்கத் திட்டினார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி, நாளைக் காலையில் ரெட்டைப் பின்னல் பின்ன வேண்டாம். காலையில் பின்னும்போது நழுவும், லூசா இருக்கும்மா என்பாள், திரும்பப் பின்னுவேன், திரும்ப நழுவும், ஒருநாள் நழுவினதைச் சொல்லாமல் அப்படியே பள்ளிக்கூடம் போனாள். அவள் தெரிந்துதான் வெட்டினாளா. எந்த ரிப்போர்ட்டையும் அவளுக்கு யாரும் காட்டியதில்லை. அதைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்காக இல்லை என்று சொல்லுவாள், சொல்லிவிட்டால் என்னை நம்புகிற ஒரு ஆளும் போய்விடும். எதிர் நாற்காலிப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள், ரிப்போர்ட்டை வாங்கி அங்கேயே பிரித்துப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக்கொள்கிறாள். அவளுக்குக் குறைவாக வந்திருக்கிறது. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. காரணம் ஒன்றும் இல்லை.

பெரியவரும் போய்விட்டார். உள்ளே கதவு திறந்து மூடுகிறது, ஸ்பிரிட் வாடை வருகிறது. நிலோஃபர் குழாயைப் பார்த்திருப்பாள். கண்ணுக்கு நேராக வைத்து, சிவப்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, கம்ப்யூட்டரில் தட்டியிருப்பாள். அவளுக்கு அது ஒரு எண், இன்றைக்கு அவள் பார்த்த பல எண்களில் ஒன்று. அது இப்போது என் வழியாகப் போகாமல் எனக்கு மேலே எங்கேயோ பறந்து அரியமங்கலம் போகிறது. அவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், மேடையில் எம்சாண்ட் மணல் லாரி நிற்கும், ஒரு எண் வந்து நின்றிருக்கும், பக்கத்தில் போன் அதிரும், இன்னொரு எண். பிரிண்டை வாங்கிக்கொள்ளக் கூப்பிடுவார்கள், நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்காக மட்டும் இல்லை. என் பையில் போன் அடிக்கிறது. ஜிப்பைத் திறக்க நேரம் ஆகிறது, சின்ன ஜிப், பிடிமானம் சின்னது. நின்றுவிட்டு மறுபடி அடிக்கிறது. அவர்தான்.

"சுகந்தி, எங்க இருக்க? அங்கயே இரு, பஸ் ஏறாத, நான் வர்றேன்." பின்னால் லாரியின் ஹாரன். யாரையோ இரு இரு என்கிறார். "அறுபத்தெட்டும்மா. சி.ஆர்.பி. நாப்பத்தொண்ணு. சிவப்புல போட்டிருக்கான். இவ்ளோ இருக்கு, நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அறுபத்தெட்டு. நான் இதற்காகத்தானே வந்தேன். உள்ளே ஏதாவது எழும்பும் என்று காத்திருக்கிறேன், எழும்பவில்லை. ஒரு வருஷமாகச் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கிறேன், அடுப்படியில் சொன்னது, வண்டியில் காதுக்குப் பக்கத்தில் சொன்னது, ஜாடியை நீட்டிச் சொன்னது. அவர் நடிக்கவில்லை. அவர் காதில் நிஜமாகவே ஒன்றும் விழவில்லை. அவர் குரல் உடைகிறது, இந்த மனுஷன் அழுவார் என்று எனக்குத் தெரியாது. மாத்திரை நானே கையில குடுத்தேனே சுகந்தி, ஒரு வாரம் விடலையே, அப்படியும் ஏறியிருக்குன்னா அந்த மருந்து கேக்கலைன்னு அர்த்தம், நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லி இதைவிடப் பெரிய மருந்தா எழுதச் சொல்றேன், ஊசி இருக்காமே, அதையாவது போடுவோம் என்கிறார். இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை ஞாயிறும் எண் வருவது வரைக்கும்தான் நினைத்தேன், எண்ணுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று நினைக்கவில்லை. மாத்திரை போடலீங்க என்று சொல்ல வேண்டும். இப்போது, இந்தப் போனில். சொன்னால் அறுபத்தெட்டு போய்விடும். ஓ, நிறுத்தினதாலதான் ஏறிச்சா, அப்போ போட்டா நார்மல்தானே என்பார், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த முகத்தோடு. திரும்பப் பதினெட்டு, திரும்பத் தோசை திருப்பி. சொல்லாவிட்டால் ஊசி, எனக்குத் தேவையா இல்லையா என்று யாருக்கும் தெரியாத ஊசி. அவர் ஹலோ ஹலோ என்கிறார். வாங்க என்றேன். தாகமா இருக்கு, பாட்டிலைத் திறக்க முடியல. இதோ வந்துட்டேன் என்றார், எந்தப் பாட்டில் என்று கேட்கவில்லை.

நிலோஃபர் பிரிண்டைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். என் மடியைப் பார்த்துவிட்டு, அக்கா திறந்து தரட்டா என்றாள். வேண்டாம்மா, அவர் வர்றார் என்றேன். பார்த்ததுமே கேட்டவள் இன்றைக்கு அவள் ஒருத்திதான், அதைச் சொல்லியாக வேண்டும். கவரைத் திறக்கவில்லை. குழாயைக் கழுவியிருப்பார்களா, கொட்டியிருப்பார்களா, இறங்கின சிவப்பும் மேலே நின்ற தண்ணீரும் திரும்ப ஒன்றாகக் கலந்து போயிருக்குமா. வெளியே வண்டி வந்து நின்றது. ஸ்டாண்டைச் சரியாகப் போடாமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் எம்சாண்ட் தூசி. என் முன்னால் குந்தி உட்கார்ந்து என் இரண்டு கையையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முதல் தடவை பார்க்கிற மாதிரி. "எப்படி வீங்கியிருக்கு பாரு," என்றார். நேற்றும் இதே கைதான். அவர் தொட்டது வலித்தது, கையை எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டிலை வாங்கினார். ஒரே திருப்பு, மூடி டக்கென்று வந்துவிட்டது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரொம்ப டைட்டாத்தான் இருக்கு என்றார். நாளைக்கு டாக்டரைப் பார்க்கும்வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து வாயில் வைத்தேன். மெதுவாகக் குடி என்கிறார். மெதுவாகத்தான் குடிக்கிறேன், தண்ணீர் தீரும்வரை நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.